வெயிலையும் காற்றையும் அளந்தவர்

நுழையும்முன்

உலகம் வெப்பமடைந்து வருகிறது என்று நாள்தோறும் கேட்கிறோம். எவ்வளவு வெப்பமடைந்தது, எதனால் வெப்பமடைந்தது என்னும் வினாக்களுக்கு விடை கூற வேண்டுமானால் முதலில் அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவுக்கு அத்தகைய அளவைக் கருவிகளை உருவாக்கித் தந்த பெண் அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கையை அறிவோம்.

ஒரே காற்று, இரு நிலங்கள்

ஆனி, ஆடி மாதங்களில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் நிற்பவர் ஒரு முரணை உணர்வார். மேற்கே மலைமுகட்டில் கருமேகம் திரண்டிருக்கும். காற்றோ அம்மியையும் நகர்த்திவிடுமோ என்று ஐயுறும் வேகத்தில் வீசும். ஆனால், மழை மட்டும் இறங்காது. அரபிக்கடலில் ஈரத்தை அள்ளிவரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறும்போதே தன் நீரைக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. அதனால் மழை மறைவுப் பகுதியாகிவிட்ட இந்நிலம், ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையை மட்டுமே பெறுகிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையாகும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை விழுந்ததும் வெடிப்பு மூடி, ஈரத்தை நெடுநாள் தேக்கிவைத்துக்கொள்ளும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் என்னும் மானாவாரிப் பயிர்கள் அந்த ஈரத்தை நம்பியே விளைகின்றன.

கோவில்பட்டிக்கு மழையை மறுக்கும் அதே காற்று, மலையின் மறுபுறத்தில் காடுகளையும் ஏலத் தோட்டங்களையும் செழிக்கச் செய்கிறது. அன்றைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த பீர்மேடு அத்தகைய மலையூர். அங்கே 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் அன்னா மணி பிறந்தார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் வெயிலையும் மழையையும் காற்றையும் அளப்பதிலேயே செலவிட்டார்.

வைரத்தோடும் கலைக்களஞ்சியமும்

அன்னா மணியின் தந்தை கட்டடப் பொறியாளர். ஏலத் தோட்டங்களும் உடையவர். எண்மர் பிறந்த குடும்பத்தில் அன்னா ஏழாவது குழந்தை. ஆண்மக்களை உயர்பதவிகளுக்கும் பெண்மக்களை நல்ல திருமணத்துக்கும் ஆயத்தப்படுத்துவதே அன்றைய வசதியான குடும்பங்களின் வழக்கம். அவ்வழக்கப்படி, எட்டாம் பிறந்தநாளன்று அன்னாவுக்கு வைரத்தோடுகள் வழங்கப்பட்டன. அச்சிறுமி அவற்றை ஏற்க மறுத்து, பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அதற்குள்ளாகவே உள்ளூர்ப் பொதுநூலகத்தில் இருந்த மலையாள நூல்களில் ஏறக்குறைய அனைத்தையும் அவர் படித்து முடித்திருந்தார்.

வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக நிகழ்ந்த அறப்போராட்டம் அவருடைய இளமைக்கால நிகழ்வாகும். 1925-இல் காந்தியடிகள் அங்கு வந்தார். நாட்டுரிமை உணர்வால் ஈர்க்கப்பட்ட அன்னா மணி கதராடையை மேற்கொண்டார். தம் காலில் தாம் நிற்பதே நாட்டுக்கும் தனிமனிதருக்கும் விடுதலை என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியது. தமக்கையர் இளமையிலேயே மணம் முடித்துக்கொண்டபோது, அவர் உயர்கல்வியைத் தேர்ந்தெடுத்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

ஒளியை ஆராய்ந்த இரவுகள்

சென்னையில் பயின்று 1939-இல் அறிவியல் பட்டம் பெற்ற அன்னா மணி, மறு ஆண்டு உதவித்தொகை பெற்றுப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் அவருக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள்கள் வைரமும் மாணிக்கமும். எட்டு வயதில் அணிகலனாக ஏற்க மறுத்த வைரத்தை, இருபத்திரண்டு வயதில் ஆய்வுப்பொருளாக அவர் கையில் எடுத்தார்.

வைரத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, அது உமிழும் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிவுசெய்ய வேண்டும். ஒரு பதிவுக்குப் பதினைந்து முதல் இருபது மணிநேரம் வரை ஆகும். இரவு முழுவதும் விழித்திருந்து அவர் அப்பணியைச் செய்தார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் ஐந்து ஆய்வுக்கட்டுரைகளைத் தனியொருவராகவே எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் ஆய்வகங்களில் பெண்கள் மிகச் சிலரே. கருவியைக் கையாள்வதில் ஒரு பெண் சிறு பிழை செய்தாலும், அது அப்பெண்ணின் திறமைக் குறைவாகவே கணக்கில் கொள்ளப்பட்ட காலம் அது.

1945-இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் முனைவர் பட்டத்துக்காக அவர் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஐந்தாண்டு உழைப்பின் விளைவான அந்த ஆய்வேடு பட்டமின்றியே நூலகத்தில் இடம்பெற்றது. அன்னா மணி அதன்பின் முனைவர் பட்டம் பெற முயலவில்லை. பட்டம் இல்லாமையால் தம் பணிக்குக் குறையேதும் நேரவில்லை என்னும் உறுதி அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

கருவிகளின் விடுதலை

அதே ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். இயற்பியலில் மேலாய்வு செய்வதே அவர் விருப்பம். ஆனால், இலண்டன் இம்பீரியல் கல்லூரி வழியாக அவருக்குக் கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகள் குறித்த பயிற்சியேயாகும். விரும்பித் தேர்ந்தெடுக்காத அத்துறையே அவருடைய வாழ்க்கைப்பணியாக மாறியது.

1948-இல் தாயகம் திரும்பிய அன்னா மணி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். நாடு விடுதலை பெற்றிருந்தது. ஆனால், மழைமானி, வெப்பமானி முதலிய எளிய கருவிகளுக்கும் பிரித்தானியாவையே எதிர்பார்க்கும் நிலை மாறவில்லை. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற மானாவாரி ஆய்வு நிலையங்களுக்கு மழைக்கணக்கே அடிப்படை. எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதைப் பொறுத்தே விதைக்கும் பருவத்தை வகுக்க முடியும். அத்தகைய அளவைக்குரிய கருவிகள் கடல் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றும் பணியில் அன்னா மணி முனைந்தார். 1953-இல் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். ஏறத்தாழ நூறு வகையான வானிலைக் கருவிகளுக்குரிய வரைபடங்களை அவர் தரப்படுத்தி, அவை உள்நாட்டிலேயே செய்யப்படுவதற்கு வழிவகுத்தார். கருவி செய்வதோடு அவர் நிறைவடையவில்லை. ஓர் ஊரின் வெப்பமானி காட்டும் முப்பது பாகையும் மற்றோர் ஊரின் வெப்பமானி காட்டும் முப்பது பாகையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆகவே, ஒவ்வொரு கருவியையும் நிலையான அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை அவர் கட்டாயமாக்கினார். தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பதே நன்று என்பது அவருடைய கொள்கை.

வெயிலை அளத்தல்

1957 சூலை முதல் 1958 திசம்பர் வரையிலான காலம் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகக் கடைப்பிடிக்கப்பட்டது. உலக நாடுகள் பலவும் ஒன்றிணைந்து நிலத்தையும் கடலையும் வளிமண்டலத்தையும் ஒரே காலத்தில் அளந்தன. அவ்வேளையில் இந்தியா முழுவதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் தொகுப்பை அன்னா மணி நிறுவினார்.

கதிர்வீச்சுமானியின் அடிப்படை எளியது. கருநிறம் வெயிலை ஈர்க்கும் என்பது கரிசல் மண்ணில் வெறுங்காலுடன் நடந்தோர் அறிந்த உண்மை. கதிர்வீச்சுமானியிலும் கண்ணாடிக் கவிகையின்கீழ்க் கருமை பூசிய பரப்பு ஒன்று உண்டு. வெயில் பட்டதும் அது சூடேறுகிறது. சூடேறிய பரப்புக்கும் சூடேறாத பகுதிக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடு மிகச்சிறிய மின்னழுத்தமாக மாறுகிறது. அதனைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு ஆற்றல் வந்து விழுகிறது என்று அறியலாம். தொடக்கத்தில் அயல்நாட்டுக் கருவிகளைப் பயன்படுத்திய அவர், விரைவில் அவற்றையும் உள்நாட்டிலேயே உருவாக்கச் செய்தார்.

இதே பன்னாட்டு ஆண்டின்போதுதான், 1958 மார்ச்சுத் திங்களில், ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலைமேல் சார்லசு கீலிங் என்னும் அமெரிக்க அறிவியலாளர் வளிமண்டலத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். பத்து இலட்சம் பங்கு காற்றில் அப்போது ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வளிமம், இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 பங்கு அளவிலேயே இருந்தது.

வெப்பம் ஏறுவது ஏன்?

சூரிய ஒளி வளிமண்டலத்தை ஊடுருவி நிலத்தையும் கடலையும் சூடேற்றுகிறது. சூடேறிய புவி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக அவ்வெப்பத்தை வெளியே அனுப்புகிறது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வளிமங்கள் உள்ளே வரும் ஒளியைப் பெரிதும் தடுப்பதில்லை. வெளியேறும் வெப்பத்தையோ உறிஞ்சி, அதில் ஒரு பகுதியைப் புவிக்கே திருப்பி அனுப்புகின்றன. இவை இல்லையெனில் புவி உறைந்துபோகும். மிகுந்தால் புவி அளவுக்கு மீறிச் சூடேறும். 1896-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு வேதியியலாளர் சுவாந்தே அரீனியசு இவ்விளைவைக் கணக்கிட்டுக் காட்டினார்.

நிலக்கரியும் எண்ணெயும் பன்னூறு இலட்சம் ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்திருந்த கரி. 12 கிராம் கரி முழுமையாக எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். இவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வளிமண்டலத்தில் அவ்வளிமம் பெருகுகிறது. அதன் விளைவாக, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் சராசரி வெப்பநிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 பாகை உயர்ந்துள்ளது.

சூரியனே வெப்பத்தைக் கூட்டியிருக்கலாம் அன்றோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தையும் அளவையே தீர்த்தது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளந்து வருகின்றன. புவியின் வெப்பம் ஏறியதற்கு ஈடாகச் சூரிய ஆற்றல் ஏறவில்லை. மேலும், சூரியன் காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே சூடேற வேண்டும். அளவைகளோ கீழடுக்கு சூடேறுவதையும் மேலடுக்கு குளிர்வதையும் காட்டின. வெப்பம் கீழேயே தடுத்து நிறுத்தப்படுகிறது என்பதற்கு அதுவே சான்று.

ஓசோனைத் தேடிச் சென்ற பலூன்

வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோன், சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. 1960-களில் அன்னா மணி ஓசோன் ஆய்வில் ஈடுபட்டார். பலூனில் கட்டி மேலே அனுப்பி, உயரம் செல்லச் செல்ல ஓசோனின் அளவு எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவிக்கும் கருவியை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அத்தகைய கருவியை அந்நாளில் சொந்தமாகச் செய்யக்கூடிய நாடுகள் மிகச் சிலவே. ஓசோன் குறைந்து வருவது உலகின் பெருங்கவலையாவதற்கு இருபதாண்டுகள் முன்னதாகவே இந்தியாவின் வானில் அதனை அளக்க வழி பிறந்தது. பன்னாட்டு ஓசோன் ஆணையத்தில் உறுப்பினராகவும் அவர் விளங்கினார்.

1963-இல் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. விக்கிரம் சாராபாயின் வேண்டுகோளை ஏற்று, அவ்வேவுதளத்துக்குரிய வானிலை ஆய்வுக்கூடத்தை அமைத்தவர் அன்னா மணி. 1969-இல் வானிலை ஆய்வுத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976-இல் பணி ஓய்வு பெற்றார்.

காற்றின் கணக்கு

ஓய்வுக்குப் பின் பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார். பல ஆண்டுகளாகத் திரட்டிய கதிர்வீச்சு அளவைகளைத் தொகுத்து, 1980, 1981-ஆம் ஆண்டுகளில் இரண்டு பெருநூல்களாக வெளியிட்டார். இந்தியாவின் எந்தப் பகுதியில், எந்தத் திங்களில், எவ்வளவு சூரிய ஆற்றல் கிடைக்கும் என்பதை அவை எண்களால் எடுத்துரைத்தன. சூரிய மின்னாற்றலைப் பலரும் கனவாகக் கருதிய காலத்தில் அப்பொறியாளர்களுக்கு அவை கைந்நூல்களாயின.

அடுத்து அவர் காற்றின் பக்கம் திரும்பினார். நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று அளவைகளை ஆராய்ந்து, எங்கெங்கே காற்றாலை அமைக்கலாம் என்று காட்டும் பணியை வழிநடத்தினார். பெங்களூரில் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கி, காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்தார்.

இப்பணியில் துல்லியம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஒரு கணக்கு உணர்த்தும். காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஆகவே, வேகத்தைப் பத்து விழுக்காடு கூடுதலாகத் தவறி அளந்துவிட்டால், கிடைக்கும் ஆற்றலை முப்பது விழுக்காட்டுக்கும் மேலாகக் கூட்டி மதிப்பிட்டுவிடுவோம். அத்தவற்றை நம்பி நிறுவப்படும் காற்றாலை எதிர்பார்த்த மின்சாரத்தைத் தராமல் வீணாகும். தவறான அளவையை அன்னா மணி வெறுத்ததன் பொருள் இங்கே விளங்குகிறது.

கரிசலில் சுழலும் இறகுகள்

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைத் தொகுப்பு 1986-இல் தூத்துக்குடிப் பகுதியில் அமைந்தது. பின்னர், செங்கோட்டைக் கணவாயின் வழியே பாய்ந்துவரும் காற்றைப் பெறும் கயத்தாறும் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலும் காற்றாலைகளால் நிறைந்தன. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இயங்குகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. மழையை மறுத்த காற்று மின்சாரத்தை வழங்கியது.

அதே மாவட்டத்தின் கடற்கரையில், 1979 முதல் இயங்கிவரும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1,050 மெகாவாட் திறனுடையது, நிலக்கரியால் இயங்குவது. காற்றாலை புகையின்றி மின்சாரம் தருகிறது. ஆயினும், ஆடிக்காற்று ஓய்ந்தபின் அதன் இறகுகள் தளர்கின்றன. நிலக்கரி எந்நாளும் எரியும். ஆயினும், அதன் புகை வளிமண்டலத்திலேயே தங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நாடு எடுக்க வேண்டிய முடிவு, கரிசல் மண்ணில் நிற்பவர் கண்ணெதிரே தெரிகிறது.

அம்முடிவு தள்ளிப்போனால் இழப்பு யாருக்கு என்பதும் தெளிவு. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், காற்று தாங்கும் நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகும். அதனால் மழை பெய்யாத நாள்கள் நீள்வதும், பெய்யும் நாளில் கொட்டித் தீர்ப்பதும் கூடுகின்றன. 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாகியது. கோவில்பட்டியிலும் மழை 50 சென்டிமீட்டரைக் கடந்தது. ஓராண்டு மழையின் பெரும்பகுதி ஒரு நாளில் கொட்டினால் மானாவாரிப் பயிர் என்னவாகும் என்பதை உழவர் அறிவர். ஒரு நாள் மழையைக் கொண்டு காலநிலை மாறிவிட்டது எனத் தீர்ப்பளிக்க இயலாது. பல்லாண்டுகளின் பிழையற்ற பதிவுகளே அத்தீர்ப்பை வழங்க வல்லவை. அப்பதிவுகளுக்குரிய கருவிகளை இந்நாட்டில் உருவாக்கியதே அன்னா மணியின் கொடை.

1987-இல் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. மலையேற்றத்திலும் பறவைகளைக் காண்பதிலும் இசையிலும் நூல்களிலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். 2018-இல் அவருடைய நூற்றாண்டை உலக வானிலை அமைப்பு நினைவுகூர்ந்தது.

முனைவர் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து கரிசலில் இறங்கும்போது, அதன் வேகத்தை ஒரு கருவி அளக்கிறது. ஓர் எண் பதிவேட்டில் ஏறுகிறது. அந்த எண்ணை நம்பலாம் என்னும் உறுதியை இந்நாட்டுக்கு அளித்தவர்களுள் முதன்மையானவர் அன்னா மணி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் எளிய மழைமானி ஒன்றை அமைத்து, வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் நாள்தோறும் மழையளவைப் பதிவுசெய்து, வகுப்பில் படிக்க.

2. ‘தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பது நன்று’ என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரிலுள்ள முதிய உழவர் ஒருவரைக் கண்டு, விதைப்புக்காலமும் மழைக்காலமும் மாறியுள்ளனவா எனக் கேட்டறிந்து, அவர் கூற்றை உங்கள் பகுதி மழைப்பதிவுகளோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.